கிளாசெட்டை நகர்த்தலாமா? குளியலறை மாற்றத்துக்கு மூன்று கணக்குகள்

குளியலறையைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டால் எல்லோரும் டைல்ஸிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். இத்தனை சதுர அடி, சதுர அடிக்கு இவ்வளவு, குழாய் செட் இவ்வளவு, கூலி இவ்வளவு. எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கப்போகிறது என்றால் இந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வரும். ஆனால் ஷவரை அந்த மூலைக்கு, கிளாசெட்டை, அதாவது மலம் கழிக்கும் பீங்கானை, நடுவுக்கு, பேசினைக் கதவோரத்துக்கு என்று மாற்ற நினைத்த நிமிடமே டைல்ஸ் இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. அப்புறம் செலவைத் தீர்மானிப்பது தரைக்கு அடியில் படுத்திருக்கும் 4 அங்குலக் கழிவுக் குழாய்தான். நாங்கள் முதலில் டைல்ஸ் பார்க்கப் போனோம். அது தப்பான தொடக்கம்.

எங்கள் குளியலறை 8 அடி நீளம், 5 அடி அகலம், முதல் மாடி. கதவு ஒரு குட்டைச் சுவரில். எதிர்ச் சுவருக்குப் பின்னால் குழாய்கள் இறங்கும் டக்ட். அந்தச் சுவரை ஒட்டி இடது மூலையில் கிளாசெட், நடுவில் குளிக்கும் இடம், கதவுக்குப் பக்கத்தில் பேசின். ஒருவர் குளித்துவிட்டு வந்தால் அடுத்தவர் கிளாசெட்டுக்குப் போக முழு ஈரத்தையும் மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஈரப் பகுதியும் உலர்ந்த பகுதியும் தனித்தனியாக வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஆசை. அதற்கு மூன்று வழிகள் இருந்தன. எதையும் நகர்த்தாமல் புதுப்பிப்பது ஒன்று. கிளாசெட்டை விட்டுவிட்டு மற்றதை மட்டும் நகர்த்துவது இன்னொன்று. எல்லாவற்றையும் எடுத்து முதலிலிருந்து அமைப்பது மூன்றாவது.

இந்த மூன்றையும் மொத்தத் தொகையாக வாங்கி ஒப்பிட்டால் தலை சுற்றும். எஸ்டிமேட்டை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் போனாலும் மாறாத செலவு, நகர்த்துவதால் மட்டும் வரும் செலவு, உடைத்த பிறகே தெரியும் செலவு. பார்க்க வேண்டியது மொத்தம் அல்ல, இரண்டாம் பத்தியில் வரும் வித்தியாசம்.

மாறாத செலவு

முதல் பத்தி நினைப்பதைவிடப் பெரியது. எங்கள் அறையின் சுற்றளவு 26 அடி. 7 அடி உயரம் வரை டைல்ஸ் என்றால் 182 சதுர அடி. இரண்டரை அடி அகலக் கதவுக்குப் பதினேழரை போக, ஏறத்தாழ 164. வென்டிலேட்டர் 7 அடிக்கு மேலே இருப்பதால் அது கணக்கில் வரவில்லை. வெட்டுச் சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் 181 சதுர அடி. 600க்கு 300 மி.மீ. டைல் ஒன்று 1.94 சதுர அடி, ஆகவே 94 டைல். தரை 40 சதுர அடி, சேதாரத்தோடு 44. குறுக்காகப் பதிக்க ஆசைப்பட்டால் சேதாரத்தை 15 சதவீதமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே ஷேட் எண், ஒரே பேட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பின்னால் நாலு டைல் குறைகிறது என்று போனால் அதே நிறம் கிடைக்காது.

பழைய டைல்ஸை உரிப்பது, பூச்சு, வாட்டர்புரூஃபிங், டைல்ஸ் பசை, கிரௌட் (டைல் இடுக்குகளை அடைக்கும் கலவை), கிளாசெட், பேசின், குழாய்கள், கதவு எல்லாமே மூன்று வழியிலும் உண்டு. மூன்றாம் வழிக்கு வந்த மொத்தத்தைப் பார்த்துத் திகைத்துப் போகிறவர்கள், அதில் பெரும்பகுதி சும்மா புதுப்பித்தாலும் வரப்போகிற செலவு என்பதைக் கவனிப்பதில்லை. நானும் முதல் நாள் அப்படித்தான் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

வாட்டர்புரூஃபிங்கை மட்டும் இந்தப் பத்தியிலிருந்து வெட்டாதீர்கள். தரை முழுவதும், சுவர் அடியில் ஓர் அரை அடி வரையும், ஷவர் பக்கத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கும் வர வேண்டும். பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விட்டுக் கீழே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். டைல்ஸ் பதித்த பிறகு தண்ணீர் தேக்கிப் பார்த்து என்ன பயன்?

முதல் வழி: இருந்த இடத்திலேயே

இதில் சொல்வதற்கு அதிகமில்லை. குழாய்ப் பாதை மாறாது, தரையைத் தோண்ட வேண்டாம், வேலை சீக்கிரம் முடியும். ஒரே ஒரு பொறி உண்டு. கிளாசெட்டைப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பழைய கிளாசெட்டில் கழிவு வெளியேறும் வளைவு எஸ் டிராப்பா, பி டிராப்பா என்று பாருங்கள். எஸ் டிராப் தரைக்குள் இறங்கும், பி டிராப் சுவருக்குள் போகும். எஸ் டிராப் என்றால் பின்சுவரிலிருந்து துளையின் மையம் வரை அளந்து கொண்டு கடைக்குப் போங்கள். 9 அங்குலத்துக்கான கிளாசெட்டும் 12 அங்குலத்துக்கான கிளாசெட்டும் வேறு வேறு. 12 அங்குலத் துளைக்கு 9 அங்குலக் கிளாசெட்டை வாங்கிவிட்டால் அது சுவரை விட்டு 3 அங்குலம் தள்ளி அசிங்கமாக நிற்கும். 9 அங்குலத் துளைக்கு 12 அங்குலக் கிளாசெட்டை வாங்கிவிட்டால் உட்காரவே உட்காராது.

வாடகைக்கு விடும் வீடு, ஓரிரு வருடத்தில் விட்டுப் போகும் வீடு என்றால் முதல் வழியே போதும். அறையின் அமைப்பே தினமும் எரிச்சல் தருகிறது என்றால் இது பணத்தைப் போட்டு அதே எரிச்சலைப் பளபளப்பாக்குவதுதான்.

இரண்டாம் வழி: கிளாசெட் நகராது

5 அடி என்றால் 60 அங்குலம். கிளாசெட்டின் மையத்திலிருந்து இருபக்கமும் 15 அங்குலம் விட வேண்டும் என்பது பொதுவான குறைந்தபட்ச அளவு. ஆக 30 அங்குலம் கிளாசெட்டுக்கு. மீதி 30 அங்குலத்தில் ஷவர், இடையில் ஒரு கண்ணாடித் தடுப்பு. 30 அங்குலம் ஷவருக்குக் கடைசி எல்லை, அதற்குக் கீழே போனால் முழங்கை சுவரில் இடிக்கும். தாளில் சரியாகப் பொருந்தியது. ஆனால் எங்கள் கிளாசெட்டின் மையம் இடது சுவரிலிருந்து பதினாறரை அங்குலத்தில் இருந்தது. ஒன்றரை அங்குலம் உதைத்தது.

இந்த மாதிரிச் சின்ன நகர்வுக்குத் தரையை உடைக்க வேண்டியதில்லை. கிளாசெட்டுக்கும் குழாய்க்கும் நடுவே போடும் கனெக்டரிலேயே மையம் விலகிய வகை இருக்கிறது, 40 மி.மீ. வரை தள்ளிக் கொடுக்கும். ஒன்றரை அங்குலம் 38 மி.மீ.தான். இதைச் சொல்லாமலே "கிளாசெட் நகருதுன்னா மொத்தமா உடைக்கணும் சார்" என்று ஒருவர் பெரிய தொகை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பெயர் வேண்டாம்.

இரண்டாம் வழியில் நகர்வன: ஷவர், தரை வடிகால், பேசின், வாட்டர் ஹீட்டரின் இடம். பேசின் கழிவு சின்னக் குழாய், சுவரில் காடி, அதாவது குழாய் பதியும் பள்ளம், வெட்டிக் கொண்டுபோகலாம். சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் குழாய்களும் காடிக்குள்ளேயே. இவற்றுக்கு பிளம்பர்கள் பாயின்ட் (ஒவ்வொரு குழாய் இணைப்பும் ஒன்று) கணக்கில் கூலி கேட்பார்கள், அதனால் புதுப் பாயின்ட்டுகளை எண்ணினாலே செலவு வந்துவிடும். ஹீட்டர் நகர்ந்தால் மின்காடி தனி. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாத வீடு என்றால் அதையும் இதோடு சேர்த்துவிடுங்கள், ஈர அறையில் அது விருப்பத்துக்கு விடும் பொருள் அல்ல. கண்ணாடித் தடுப்பை டைல்ஸ் முடிந்த பிறகுதான் அளக்க முடியும். ஆகவே அதன் விலை கடைசியில்தான் உறுதியாகும். அதற்குப் பணம் ஒதுக்கி வைக்காதவர்கள் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

தரை வடிகால் மட்டும் கொஞ்சம் தோண்டலைக் கேட்கும். நடுவில் இருந்த வடிகாலை வலது மூலைக்குக் கொண்டுபோக, 3 அடி நீளத்துக்கு ஒரு பள்ளம். அங்கேதான் இந்த வழியின் பலவீனமும் இருக்கிறது. ஏற்கெனவே அடியில் இருக்கும் வாட்டர்புரூஃபிங்கை வெட்டி ஒட்டுப் போடுகிறோம். ஒட்டுப் போட்ட இடம் ஒட்டுப் போட்ட இடம்தான்.

மூன்றாம் வழி: குழாயும் வாட்டமும்

எங்கள் கொத்தனார் வயதானவர், அதிகம் பேசமாட்டார். தாளில் நான் வரைந்ததைப் பார்த்துவிட்டு, "படம் நல்லாருக்கு சார். வாட்டம் எங்கேருந்து வரும்?" என்றார். அந்த ஒரு கேள்விதான் மூன்றாம் வழியின் முழு எஸ்டிமேட்டும்.

வாட்டம் என்றால் சரிவு. 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு வழக்கமான வாட்டம் 40க்கு 1. அதாவது 1 மீட்டர் போனால் 25 மி.மீ. இறங்க வேண்டும். குழாயின் வெளி விட்டமே 110 மி.மீ. மேலே கலவையும் டைலும் சேர்ந்து 50 மி.மீ. கூட்டினால் 185. கிளாசெட்டுக்கு அடியில் திரும்பும் பெண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் 200 மி.மீ. தரைக்கு அடியில் அவ்வளவு ஆழம் இருந்தால் நகர்த்தலாம். இல்லையென்றால் படத்தை மாற்ற வேண்டும். நகர்த்தும் ஒவ்வோர் அடியும் ஏறத்தாழ 8 மி.மீ. ஆழத்தைத் தின்னும். ஆகவே "கிளாசெட்டை நகர்த்த எவ்வளவு ஆகும்" என்பதைவிட "டக்டிலிருந்து எவ்வளவு தூரம்" என்பதே சரியான கேள்வி.

எங்கள் குளியலறை, ஸ்லாப்பைத் தாழ்த்திப் போட்டு மேலே நிரப்பிய வகை. ஓர் ஓரத்தில் டைலைப் பெயர்த்து உளியால் இறங்கிப் பார்த்ததில் 225 மி.மீ. இருந்தது. போதும், ஆனால் தாராளமில்லை. அதனால் படத்தை இப்படித் திருத்தினோம். டக்ட் சுவரை ஒட்டி 5 அடி அகலத்துக்கும் 36 அங்குலம் ஷவர். அடுத்த 30 அங்குலம் கிளாசெட், நீளச் சுவருக்கு முதுகைக் காட்டியபடி. அடுத்த 30 பேசின். 36, 30, 30 மொத்தம் 96, சரியாக 8 அடி. கிளாசெட்டின் மையம் டக்ட் சுவரிலிருந்து 51 அங்குலம், பழைய துளை 12 அங்குலத்தில் இருந்தது, ஆக நகர்வு 39 அங்குலம். ஒரு மீட்டர்தான்.

கிடைக்கும் பலனையும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டாம் வழியில் ஷவர் 30க்கு 48 அங்குலம், 10 சதுர அடி. மூன்றாம் வழியில் 60க்கு 36, 15 சதுர அடி. இந்தக் கூடுதல் 5 சதுர அடிக்காகத்தான் தரை முழுவதையும் தோண்டப் போகிறோம்.

தோண்டுவது என்றால் என்ன? 40 சதுர அடி, 200 மி.மீ. ஆழத்துக்குச் செங்கல் உடைசலும் கலவையும். முக்கால் கன மீட்டர், எடை ஒன்றேகால் டன்னுக்குக் குறையாது. 25 கிலோ மூட்டையாகக் கட்டினால் 50 மூட்டை மாடியிலிருந்து இறங்க வேண்டும். அப்புறம் அதே அளவு புது நிரப்பு மேலே ஏற வேண்டும். ஏஏசி பிளாக் (எடை குறைந்த கான்கிரீட் கல்) உடைசலால் நிரப்பினால் சுமையில் பாதிக்கு மேல் குறையும், தூக்குகிறவர்களுக்கும் ஸ்லாப்புக்கும் நல்லது. கழிவை அகற்றும் செலவு எஸ்டிமேட்டில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு வந்த மூன்று எஸ்டிமேட்டில் மிகக் குறைவான தொகை சொன்னதில் அந்த வரியே இல்லை. தண்ணீர் தேக்கிப் பார்ப்பதும் இல்லை.

ஆழம் இல்லாத தரை என்றால் வேறு சில தந்திரங்கள் உண்டு. பி டிராப் கிளாசெட் போட்டு, கழிவுக் குழாயைத் தரைக்கு மேலேயே சுவரோரமாகக் கொண்டுபோய், மேலே ஒரு திட்டுக் கட்டி டைல் ஒட்டிவிடலாம். பி டிராப்பின் மையம் தரையிலிருந்து 180 மி.மீ. உயரத்தில் இருப்பதால் ஓரிரு மீட்டருக்கு வாட்டம் கிடைத்துவிடும், ஷவரில் அந்தத் திட்டே சோப்பு வைக்கும் இடமாகவும் ஆகும். செலவு குறைந்த, பலர் யோசிக்காத வழி இது. தரையையே அரை அடி உயர்த்துவது இன்னொன்று. வாசலில் படி வரும், இருட்டில் கால் தட்டும், எனக்குப் பிடிக்கவில்லை. கழிவை அரைத்துத் தள்ளும் பம்ப் வைத்தால் குழாய் மெலிதாகப் போதும், ஆனால் மின்சாரம் போனால் கிளாசெட்டும் போச்சு. ஸ்லாப்பைத் துளைத்துக் கீழ் வீட்டுக் கூரைக்கு அடியில் குழாயைத் தொங்கவிடலாம் என்று யாராவது சொன்னால், கீழ் வீட்டுக்காரரின் சம்மதமும், பீம் எங்கே ஓடுகிறது என்று தெரிந்த பொறியாளரும் இல்லாமல் தலையாட்டாதீர்கள்.

நாள் கணக்கு

பொருள் விலை இடத்துக்கு இடம் மாறும், ஆள் நாள் அவ்வளவாக மாறாது. அதனால் கொத்தனாரை நாளாகவே சொல்லச் சொன்னேன். முதல் வழிக்கு உரிப்பது 2, குழாய் 2, வாட்டர்புரூஃபிங் 2, டைல்ஸ் 4, கிரௌட் 1, பொருத்துவது 1. மொத்தம் 12. இரண்டாம் வழிக்குக் காடி, குழாய்க்கு 2, மின்வேலைக்கு 1 கூடி 15. மூன்றாம் வழிக்கு அதற்கு மேல் தோண்டிச் சுமக்க 2, கழிவுக் குழாய்க்கு 2, நிரப்பித் தளம் போட 2. மொத்தம் 21. இவை வேலை நடக்கும் நாட்கள்தான். தளம் ஒரு வாரம் நனைய வேண்டும், ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும், தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். மூன்றாம் வழி ஒரு மாதத்தைத் தாண்டிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொரு குளியலறை இல்லையென்றால் அந்த ஒரு மாதத்துக்கு என்ன செய்வது என்பதும் செலவுதான்.

மூன்றாம் பத்தி, அதாவது உடைத்த பிறகே தெரியும் செலவு. துருப்பிடித்த ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), தட்டினால் டொக்கு டொக்கென்று ஒலிக்கும் பூச்சு, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் ஓர் அங்குலம் சாய்ந்து நிற்கும் சுவர். பழைய ஜிஐ குழாயில் ஒரு துண்டை மட்டும் மாற்ற நினைக்காதீர்கள், முறுக்கும்போது அடுத்த மரை உடையும். என் அனுபவத்தில் முதல் வழிக்குப் பத்தில் ஒரு பங்கு, இரண்டாம் வழிக்கு ஆறில் ஒரு பங்கு, மூன்றாம் வழிக்குக் கால் பங்கு தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே கூடுதல் பாயின்ட்டுக்கு என்ன கூலி, கூடுதல் சதுர அடிப் பூச்சுக்கு என்ன கூலி என்று எழுதி வாங்கிவிடுங்கள். சுவர் உடைந்து கிடக்கும்போது பேரம் பேச முடியாது.

எது?

15க்கும் 21க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து இரண்டாம் வழியையே முடிவு செய்திருந்தோம். முன்பணம் கொடுப்பதற்கு முதல் நாள் கொத்தனார், "கீழ் வீட்டுக் கூரையைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. இறங்கிப் போனோம். கீழ் வீட்டு அக்கா அவர்கள் குளியலறைக் கதவைத் திறந்து காட்டினார். எங்கள் கிளாசெட்டுக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு வட்டம், பெயின்ட் செதில் செதிலாக. "சொல்லணும்னு இருந்தேன் தம்பி, எப்படிச் சொல்றதுன்னு இருந்துச்சு" என்றார்.

அதோடு கணக்கே மாறிப்போனது. அடியில் கசிவு இருக்கும்போது மேலே புது டைல்ஸ் ஒட்டுவதில் அர்த்தமில்லை, எந்த வழியானாலும் தோண்டித்தான் ஆக வேண்டும். தோண்டுவதும் நிரப்புவதும் மாறாத செலவுப் பத்திக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் மிஞ்சியது இரண்டு நாள் கூலியும் சில மீட்டர் குழாயும்தான். மூன்றாம் வழியையே எடுத்தோம். கூரை உலர்ந்திருந்தால் இரண்டாம் வழிக்கே போயிருப்பேன், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆக, எஸ்டிமேட் கேட்க ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் கீழே போய் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். தரைத்தளத்தில் இருப்பவர்கள் வெளிச்சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

படத்தை உறுதி செய்யும் முன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, கிளாசெட் இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். ஷவர் இடத்தில் நின்று தலை தேய்ப்பதுபோல் கையை ஆட்டிப் பார்த்தோம். பேசினைக் கதவு இடிப்பது அப்போதுதான் தெரிந்தது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம், ஒரு கீல் வேலையோடு போயிற்று. டைல்ஸ் பதித்த பிறகு தெரிந்திருந்தால் பேசினையே மாற்ற வேண்டியிருக்கும்.

தோண்டியபோது பழைய டிராப்பும் குழாயும் சேரும் இடத்தில் துணியைச் சுற்றிச் சிமென்ட் பூசி வைத்திருந்தது தெரிந்தது. துணி மக்கிப் போய், அந்த இடம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. டக்டில் செங்குத்துக் குழாயோடு சேரும் துண்டும் விரிசல் விட்டிருந்ததால் அதையும் மாற்றினார்கள். எடுத்து வைத்த கால் பங்கில் பாதிக்கு மேல் அங்கேயே போயிற்று. மிச்சத்தில் கீழ் வீட்டுக் கூரையைச் சுரண்டிப் பூசி, பெயின்ட் அடித்துக் கொடுத்தோம். எந்த எஸ்டிமேட்டிலும் அந்த வரி இல்லை.